டிரக நட்சத்திரம்

இரண்டு வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், கடைசிச் சுனையும் சேறாகிப் போயிருந்தது. மான்கள் அந்தச் சேற்றை நக்கின. யானைக்குட்டிகள் தும்பிக்கையை விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தும்மின. இனி அங்கே இருக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வடக்கே ஓர் ஆறு இருந்தது. அது வற்றுவதே இல்லை. ஆனால் அங்கே போக வேண்டுமானால் பெரிய பொட்டல் ஒன்றைக் கடக்க வேண்டும். அதில் ஒரு மரம் இல்லை, ஒரு குன்று இல்லை. பகலில் கால் வைத்தால் குளம்பு வெந்துவிடும். இரவில்தான் நடக்க வேண்டும். இரவில் நடந்தால் வானத்து நட்சத்திரங்களைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

"நட்சத்திரம் பார்த்து வழி சொல்ல யார் வருகிறீர்கள்?" என்று கேட்டது கூட்டத்தின் தலைவியான யானையம்மா.

கரடி உடனே எழுந்து நின்றது.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு மலை உண்டு. மலைமேல் மனிதர்கள் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கும் கட்டடம் உண்டு. அங்கே வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தினமும் நட்சத்திரங்களைப் பற்றி விளக்கம் சொல்வார். பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகும் வாழைப்பழத் தோலுக்காகக் கரடி அந்தக் கட்டடத்தின் பின்புறமே கிடக்கும். தோலைத் தின்றுகொண்டே அவர் பேச்சில் பாதியைக் கேட்கும். கேட்காத மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். காட்டுக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒரே தோரணையில் சொல்லும். யார் எதைக் கேட்டாலும் அதனிடம் பதில் இருந்தது. அதனால் காடே அதைப் "பண்டிதர்" என்று அழைத்தது.

"நான் இருக்கும்போது வேறு யார் வேண்டும்?" என்றது கரடி.

"நானும் வருகிறேன், அம்மா" என்று மேலேயிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிளையில் தேவாங்கு உட்கார்ந்திருந்தது. ஒரு கையளவுதான் இருக்கும். வால் கிடையாது. முகம் முழுக்கக் கண். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் மற்றவர்கள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடுவார்கள். அதுவும் மூன்று வருடம் அந்த மலையில், தொலைநோக்கிக் கட்டடத்தை ஒட்டிய மரத்தில் குடியிருந்தது. இரவெல்லாம் வானத்தைப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை.

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "இது எங்களுக்கு வழி காட்டினால், ஆற்றுக்குப் போவதற்குள் அடுத்த மழைக்காலமே வந்துவிடும்!"

"நடக்கப்போவது என் கால்கள்" என்றது யானையம்மா. "எனக்குத் தேவை வழி தெரிந்த கண். யாருக்கு நட்சத்திரம் தெரியும் என்று பார்த்துவிடுவோம். மைனா, நீ கேள்வி கேள்."

மலை மைனாவின் கூடு அந்தக் கட்டடத்தின் கூரையில்தான் இருந்தது. ஆசிரியர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அது அப்படியே திருப்பிச் சொல்லும். ஒன்று கூட்டாது, ஒன்று குறைக்காது. இருட்டினால் அதற்குக் கண் தெரியாது. இல்லையென்றால் அதையே முன்னால் பறக்கவிட்டிருப்பார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சுனைக்கரையில் எல்லாரும் கூடினார்கள். மான்கள், முயல்கள், காட்டுப்பன்றிகள், மந்திக் குரங்குகள், யாரும் பாக்கியில்லை. மைனா ஒரு பாறையில் உட்கார்ந்து சிறகை உதறியது.

"முதல் கேள்வி. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது?"

"வானத்தில் வாயுவும் தூசும் சேர்ந்த பெரிய மேகங்கள் உண்டு. அவை தம் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சுருங்கிச் சூடேறி, ஒளிவிட ஆரம்பிக்கும்" என்றது கரடி.

தேவாங்கும் அதையே சொன்னது.

"இருவரும் சரி. இரண்டாவது கேள்வி. பெரிய நட்சத்திரம் அதிக காலம் வாழுமா, சிறிய நட்சத்திரமா?"

"இது ஒரு கேள்வியா? பெரியதுதான்!" என்று மார்பில் தட்டியது கரடி. "பெரிய வயிறு, பெரிய ஆயுள்!"

"சிறியது" என்றது தேவாங்கு. "பெரியது தன்னிடம் இருப்பதை மளமளவென்று எரித்துத் தீர்த்துவிடும். சிறியது கொஞ்சம் கொஞ்சமாக எரியும்."

"தேவாங்கு சரி. மூன்றாவது. நம் சூரியன் கடைசியில் என்ன ஆகும்?"

"சிவந்து ஊதிப் பெரிதாகும். பிறகு மேல்பகுதியை உதறிவிட்டு வெண்குள்ளன் என்னும் சிறிய நட்சத்திரமாகச் சுருங்கும்" என்றது கரடி. தேவாங்கும் அதையே சொன்னது.

"இருவரும் சரி. நான்காவது. சூரியனுக்கு இப்போது வயது என்ன?"

"ஏறத்தாழ நானூற்று அறுபது கோடி ஆண்டுகள்!" என்று கர்ஜித்தது கரடி.

தேவாங்கு கண்களை மூடி யோசித்தது. "ஏதோ பெரிய எண். எனக்கு நினைவில்லை. தெரியாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"கரடி சரி. ஐந்தாவது, கடைசிக் கேள்வி. மிகப் பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறிய பிறகு என்ன மிஞ்சும்?"

"நியூட்ரான் நட்சத்திரம் மிஞ்சும், அல்லது கருந்துளை!"

"வெடிக்கும் என்பது வரைக்கும் தெரியும்" என்றது தேவாங்கு. "அதற்குமேல் கேட்பதற்குள் அன்றைக்கு இடி இடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியாது."

"கரடி நான்கு, தேவாங்கு மூன்று" என்றது மைனா.

"இரண்டு தரம் தெரியாது என்று சொல்லிவிட்டது! இதை நம்பியா குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போவது?" என்று கத்தியது காட்டுப்பன்றி.

"பண்டிதர்! பண்டிதர்!" என்று மந்திகள் குதித்தன. கரடி இரண்டு கையையும் தூக்கி எல்லாருக்கும் காட்டியது.

தேவாங்கு கவலைப்பட்டது. தோற்றுவிட்டோமே என்று அல்ல. கரடி நான்கு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது. ஒன்றுக்குத் தவறாகச் சொன்னது. ஆனால் ஐந்தையும் ஒரே குரலில் சொன்னது. இங்கே தவறு எது என்று எடுத்துச் சொல்ல மைனா இருக்கிறது. இருட்டில், பொட்டல் நடுவில், யார் சொல்வார்கள்? தாயின் காலடியில் ஒதுங்கி நின்ற மான்குட்டிகளைத் தேவாங்கு பார்த்தது.

"அம்மா, நான் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புறப்படும் முன் பண்டிதரை ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?"

"ஒன்று என்ன, நூறு கேள்!" என்றது கரடி.

"கேள்" என்றது யானையம்மா.

தேவாங்கு மெல்ல மெல்லக் கிளை இறங்கி யானையம்மாவின் தலைக்கு வந்தது. விசிறி போன்ற அந்தக் காதில் என்னவோ கிசுகிசுத்தது. யானையம்மாவின் காது ஆடுவதை நிறுத்தியது. பிறகு தேவாங்கு கரடியின் பக்கம் திரும்பியது.

"பண்டிதரே, டிரக நட்சத்திரம் என்று ஒன்று. அதைப் பார்த்துத்தான் ஆற்றுக்குப் போக வேண்டுமாம். அது எங்கே இருக்கிறது? எப்படி இருக்கும்?"

கரடி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"டிரகம்! நல்ல கேள்வி. இந்தக் காட்டில் அதைப் பற்றி என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? லேசான மஞ்சள் நிறம். ஓரத்தில் பச்சை. நட்சத்திரங்களுக்கெல்லாம் மூத்தது. ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை அணைந்து மறுபடியும் பற்றிக்கொள்ளும்."

"எங்கே உதிக்கும்?"

"அதோ, அந்த வடகிழக்கு மூலையில்!" கரடி நகத்தை நீட்டியது. "அதை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு விடியும்வரை நடந்தால் ஆறு."

"நீ அதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டது யானையம்மா.

"நூறு முறை!"

"குட்டிகளை அதன் பின்னால் கூட்டிப்போகத் துணிவாயா?"

"கண்ணை மூடிக்கொண்டு!"

யானையம்மா தும்பிக்கையைத் தூக்கியது. கூட்டம் அமைதியானது.

"தேவாங்கு என் காதில் என்ன சொன்னது தெரியுமா? 'அம்மா, அப்படி ஒரு நட்சத்திரமே கிடையாது. அந்தப் பெயரை இப்போதுதான் நான் உண்டாக்கினேன். இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் பண்டிதர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்' என்றது."

"பொய்!" என்று உறுமியது கரடி. "டிரகம் உண்டு! நானே பார்த்தேன்!"

"மைனா, ஆசிரியர் எப்போதாவது டிரகம் என்று சொன்னாரா?"

"சொன்னதே இல்லை" என்றது மைனா.

"அன்றைக்கு நீ தூங்கியிருப்பாய்!" என்றது கரடி.

அப்போது தேவாங்கு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "டி, ர, க. அந்தப் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லிப் பாருங்கள்."

குட்டி மந்தி ஒன்று விரலை மடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னது. "க... ர... டி."

மற்றவர்களும் விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு சுனைக்கரை முழுவதும் சிரிப்பு வெடித்தது. மந்திகள் கிளையிலிருந்து கீழே விழுந்து விழுந்து சிரித்தன. "க-ர-டி! க-ர-டி!" என்று முயல்கள் கால் தட்டின. காட்டுப்பன்றி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டது.

யானையம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வடகிழக்கு மூலையில் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டது. "மனிதர்கள் கல் வெட்டியெடுத்த பள்ளம். பனைமர ஆழம். போன கோடையில் என் தங்கை அதில் விழுந்துதான் செத்தாள்."

சிரிப்பு சட்டென்று நின்றது. தாய்மான்கள் குட்டிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. கரடி தன் நீட்டிய நகத்தைப் பார்த்தது. மெல்ல அதை மடக்கிக்கொண்டது.

"உனக்கு எந்த நட்சத்திரம் தெரியும்?" என்று யானையம்மா தேவாங்கைக் கேட்டது.

"வடக்கே ஏழு நட்சத்திரங்கள் ஒரு கூட்டமாக இருக்கும். அகப்பை மாதிரி. அதன் முன்னால் இருக்கிற இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டு நீட்டினால் துருவ நட்சத்திரம். மங்கலாக, தரைக்குக் கொஞ்சம் மேலேதான் தெரியும். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் இடம் மாறாது."

"அது போதும். ஏறி உட்கார்" என்றது யானையம்மா.

காடே கிளம்பியது. முன்னால் யானையம்மா. அதன் நெற்றியில் ஒரு கையளவு தேவாங்கு, இரண்டு பெரிய கண்களும் வடக்கைப் பார்த்தபடி. குட்டிகள் நடுவில். எல்லாருக்கும் பின்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரடி.

பாதிப் பொட்டலைக் கடந்தபோது மேகம் வந்து வானத்தை மூடியது. ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றது யானையம்மா.

"இப்போது தெரியாது, அம்மா. நிற்போம்."

தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. காட்டுப்பன்றிகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். வெகுநேரம் கழித்து மேகம் ஒரு பக்கம் கிழிந்தது. கிழிசலில் முதலில் இரண்டு நட்சத்திரங்கள் தெரிந்தன, பிறகு ஏழும் தெரிந்தன.

"அதோ!" என்று கத்தியது தேவாங்கு. அதன் குரல் அவ்வளவு உரக்க ஒலித்து யாரும் கேட்டதில்லை. "நேரே போங்கள், அம்மா! நேரே!"

கிழக்கு வெளுக்கும்போது முதலில் வாசனை வந்தது. ஈர மண் வாசனை. யானைகள் தும்பிக்கையை உயர்த்திப் பிளிறின. மான்கள் ஓட ஆரம்பித்தன. அடுத்த மேட்டில் ஏறியதும் எல்லாரும் கண்டார்கள். அகன்று, பளபளவென்று, விடியலின் சிவப்பை முழுதாக வாங்கிக்கொண்டு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

யானையம்மா நேராக ஆற்றில் இறங்கியது. தும்பிக்கையால் தேவாங்கைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தது. "நம் கண்!" என்று அது பிளிற, "நம் கண்! நம் கண்!" என்று கரை முழுவதும் கூவியது. மைனா அதையே ஒரு சொல் மாறாமல் நாற்பது தரம் திருப்பிச் சொன்னது. தேவாங்கு வெட்கத்தில் கையால் முகத்தை மூடிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்களை அந்தக் கையால் மூட முடியவில்லை.

கரடி கடைசியாக வந்து தனியே ஓர் ஓரத்தில் நின்றது. ஒரு மான்குட்டி அதனிடம் ஓடியது.

"மாமா, இந்த இடத்தில் தண்ணீர் ஆழமா?"

கரடி நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

"தெரியாது, கண்ணு" என்றது. "நீ கரையிலேயே நில். நான் இறங்கிப் பார்த்துச் சொல்கிறேன்."

சொல்லிவிட்டு அது தண்ணீரில் காலை வைத்தது.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவரை நம்பி இருட்டிலும் நடக்கலாம்.