பஸ் எந்தப் பக்கம் திரும்பியது?

வெல்டிங் டார்ச் கெட்டுப்போய்விட்டது என்றான் செங்கோடன்.

"எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"திங்கக்கிழமைங்க அம்மணி."

"இன்னிக்கு?"

"புதன்."

"பொறந்த கொழந்தைக்கு மூட்டுவலியாங்ணா?"

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நாமக்கல்லில் லாரி பாடிக்கு, ஹோல்டரில் ராடு மாட்டி ஆர்க் வெல்டிங் அடிப்பவன். அவன் ஒட்டிய இரும்பு பிரிந்து வந்ததாக யாரும் சொன்னதில்லை. ஜெயக்கொடி அவனைவிட மிகவும் இளையவள். எவர்சில்வர் தொட்டி கட்டும் ஆலையில், ராடு இல்லாமல் டார்ச்சும் கேஸும் வைத்து ஒட்டும் டிக் வெல்டிங் செய்தவள். இப்போது பரமத்தி ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறாள். அவள்தான் அவனுக்குக் குரு. அதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம் வைத்துத் தட்டை நீட்டினான். அவள்தான் தயங்கினாள்.

"வயசுல பெரியவரு நீங்க. நான் எப்படிங்ணா வாங்கறது?"

"வயசு கெடக்குது. வித்தை யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் குரு. வாங்குங்க, பழம் கறுக்குது."

வாங்கிக்கொண்டாள். அன்று பொழுதுக்கும் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் அவள் பேசி முடிப்பதற்குள், "புரிஞ்சுதுங்க அம்மணி" என்று சொல்லி அவன் வண்டியை உதைத்துவிட்டான். மறுநாள் சேலம் போய் மிஷினும் டார்ச்சும் வாங்கிவந்து, தானே மாட்டினான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது.

பால் சங்கத்து வண்டிகளில் தொட்டி விரிசல் விட்டால் ஈரோட்டுக்குத்தான் போகும். சங்கத்து மேஸ்திரியைச் செங்கோடன் டீக்கடையில் பிடித்தான். நாலு பேர் கேட்கச் சொன்னான்:

"ஈரோடு எதுக்குங்க? நம்மூர்ல நான் ஒட்டித் தர்றேன்."

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"லாரிக்கு ஒட்டறது வேற, பாலுக்கு ஒட்டறது வேற. எவர்சில்வர் தகடு ரெண்டை ஒட்டி வை. வியாழக்கிழமை காலையில வர்றேன். நல்லா இருந்தா வண்டியெல்லாம் உனக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சை மறுபடி எடுக்கப்படாது."

பால் பொல்லாதது. ஒட்டின கோட்டில் ஊசிமுனை அளவு குழி இருந்தால் போதும். அதில் தங்குகிற பால் புளிக்கும். அந்தத் துளி வண்டிப் பாலையே கெடுத்துவிடும்.

நாளை வியாழன்.

ஜெயக்கொடி தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் ஷெட்டுக்கு வந்தாள். மிஷினைப் பார்த்ததும் நின்றாள்.

"டார்ச்சை எதுக்குங்ணா பிளஸ்ல மாட்டியிருக்கீங்க?"

"ஹோல்டர் எப்பவும் பிளஸ்லதானுங்களே."

"அது ராடுக்கு. ராடு கரையணும். இது கரையப்படாதுங்."

டார்ச்சின் நுனியிலிருந்த டங்ஸ்டன் ஊசியை உருவிக் காட்டினாள். சீவின பென்சில் போல இருக்க வேண்டியது. தீக்குச்சித் தலை போல உருண்டு போயிருந்தது. புது ஊசி போட்டாள். டார்ச்சை மைனசுக்கு மாற்றினாள்.

"ஒட்டுங்க."

ஒட்டினான். கோடு முழுக்கப் பொத்தல். அவள் ஆர்கன் சிலிண்டர் பக்கம் போனாள்.

"கேஸை இத்தனை எதுக்குத் தொறந்து விட்டிருக்கீங்க?"

"சூட்டுல காத்துப் படப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நெறையப் போகட்டும்னு விட்டேன்."

"நெறையப் போனா வெளிக்காத்தையும் இழுத்துக்கிட்டு வருமுங்க. மூடறதுக்குத்தான் கேஸு. ஊதறதுக்கு இல்ல."

குறைத்தாள். அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேல் சுற்றிய ஃபேனையும் நிறுத்தினாள்.

"வேகுதுங்க அம்மணி."

"வேகட்டும்."

மறுபடி ஒட்டினான். இந்த முறை கோடு வெள்ளிக்கம்பி மாதிரி போனது. முடிகிற இடத்தில் மட்டும் கறுத்தது. கறுப்பின் நடுவில் ஒரு குழி. டங்ஸ்டன் நுனி நீலம் பாரித்திருந்தது.

"பாத்தீங்களா?" என்று செங்கோடன் குதித்தான். "இதத்தான் சொன்னேன். ஆரம்பத்துல ஒழுங்கா போகுது, கடைசியில காலை வாருது. டார்ச்சுல எங்கியோ ஓட்டை. சேலத்துக்காரன் நம்ம தலையில கட்டிட்டான். இப்பவே போயி அவன் சட்டையப் புடிக்கறேன்."

"இருங்."

அவன் இருக்கவில்லை. நுனியைக் கிரைண்டரில் தீட்டினான். டார்ச்சின் பீங்கான் கப்பை மாற்றினான். ஹோஸை மாற்றினான். மூட்டுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழியும் வரவில்லை. குமிழி வராததற்கும் கடைக்காரனைத் திட்டினான். மறுபடி ஒட்டினான். கடைசியில் கறுப்பு. நடுவில் குழி.

ஜெயக்கொடி டார்ச்சை வாங்கினாள். விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டாள். ஆர்க் அணைந்தது. அவள் கை அசையவில்லை. செங்கோடன் அதற்குள் முகமூடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தான்.

"எங்க, காட்டுங்க."

"கொஞ்சம் இருங்ணா."

பிறகு கையை எடுத்தாள். கோடு கடைசிவரை மின்னியது. குழி இல்லை. செங்கோடன் அதைப் பார்த்தான். டார்ச்சைப் பார்த்தான்.

"டார்ச்சுக்கும் ஆளு தெரியுதுங்க அம்மணி. உங்களக் கண்டா பொட்டியில போட்ட பாம்பு. என்னையக் கண்டா சீறுது."

"நீங்க ஒருக்கா ஒட்டுங்க. நான் பாக்கறேன்."

ஒட்டினான். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

ஆர்க் அணைந்த நொடியில் அவனுடைய வலது கை டார்ச்சை வெடுக்கென்று இழுத்தது. தலை பின்னால் போய் முகமூடி மேலே ஏறியது. இடது கை, ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியைப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்து, ஒட்டின இடத்தில் டொக் டொக்கென்று தட்டியது. மூன்றும் ஒரே அசைவு. ராடு வெல்டிங்கில் கசடு மூடியிருக்கும். தட்டி உதிர்த்தால்தான் ஒட்டு தெரியும். இதில் கசடே கிடையாது.

"எதைங்ணா தட்டறீங்க?"

செங்கோடன் சுத்தியலைப் பார்த்தான்.

"நான் எங்கீங்க தட்டறேன்? கை தட்டுது."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நுனியைத் தீட்டக் கிரைண்டருக்குப் போய்விட்டான். கிரைண்டர் கத்தியது.

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து அவன் மகள் மேகலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு முடிந்தது. கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றை ஜெயக்கொடிக்குக் கொடுத்தாள், ஒன்றை மேசையில் வைத்தாள்.

"அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இந்த நேரத்துலயா?" என்றான் செங்கோடன். ஜெயக்கொடியிடம் திரும்பினான். "இருங்க அம்மணி. ஒரே ஓட்டம். விட்டுட்டு வந்து இதை ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பறந்தபடியே திரும்பி வந்தான்.

ஜெயக்கொடி அவன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க டீ இன்னும் சுடுதுங்."

"பஸ்ஸ்டாண்டு பக்கந்தானுங்க. ஏத்தி விட்டாச்சு. சொல்லுங்க, எதுல கோளாறு? எதை மாத்தணும்?"

"பஸ் எந்தப் பக்கம் திரும்புச்சுங்ணா?"

"எந்த பஸ்ஸு?"

"மேகலா பஸ்ஸு."

"ஓசூர் பஸ்ஸு ஓசூர்ப் பக்கந்தான் திரும்பும். நான் டார்ச்சைக் கேட்டா நீங்க பஸ்ஸைக் கேக்கறீங்களே?"

"பாத்தீங்களா இல்லையா?"

"புள்ள ஏறி உக்காந்துட்டா. அப்புறம் அங்க எனக்கு என்னங்க வேலை?"

ஜெயக்கொடி டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"போயி பாத்துட்டு வாங்க."

"அம்மணி, நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்துருவாரு."

"அதுக்குத்தான் சொல்றனுங்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் செங்கோடன் சுத்தியலை வீசியிருப்பான். வெற்றிலை வைத்தாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

பஸ் கிளம்பவில்லை. டிரைவர் வெளியே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். ஜன்னலோரம் மேகலா. அப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னப்பா, எதையாச்சும் மறந்துட்டனா?"

"இல்ல."

"பின்ன? அம்மாவுக்கு ஏதாச்சும்…?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மாதான்."

"நீ சும்மா வந்தியா?"

அவளால் நம்ப முடியவில்லை. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். இரண்டு கடலை எடுத்துக்கொண்டான்.

"அப்பா, ஒவ்வொருக்காவும் இந்த ஜன்னல்ல இருந்து உன் முதுகத்தான் பாப்பேன். சட்டையில எங்கெங்க பொறி பட்டு ஓட்டைன்னு எனக்கு மனப்பாடம்."

செங்கோடன் கடலையை மென்றான்.

"அங்க சாப்பாடு எப்படி?"

"இப்பத்தான் கேக்கறியா? நல்லாத்தாம்ப்பா இருக்குது. பகல் ஷிப்டு மாத்திக் குடுத்துட்டாங்க. வீட்டுல சொல்லலாம்னு பாத்தேன். நீ டார்ச்சுகூடச் சண்டை போட்டுக்கிட்டிருந்த."

கண்டக்டர் விசிலடித்தார்.

"ஏனுங்க பெரியவரே, ஜன்னலையும் கூடவே கழட்டிட்டுப் போறீங்களா? விடுங்க, வண்டி கெளம்புது."

விட்டான். பஸ் நகர்ந்தது. அவன் கால் தானாகத் திரும்பியது. பிடித்து நிறுத்தினான். ஸ்டாண்டு வாசலில் பஸ் தயங்கி, பூக்கடையை ஒட்டி இடது பக்கம் வளைந்தது. வளையும்போது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஆடியது. அவனும் கையைத் தூக்கினான். பஸ் மறைந்தது. தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான்.

ஷெட்டில் ஜெயக்கொடி அதே ஸ்டூலில் இருந்தாள். மேசையில் அவன் டீ ஆடை கட்டியிருந்தது.

"இடது பக்கமுங்க" என்றான்.

"அப்புறம்?"

"கைய ஆட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ் தெரியலைங்க. வந்துட்டேன்."

"சரி. ஒட்டுங்க."

நுனியைத் தீட்டி மாட்டினான். முகமூடியை இறக்கினான். கோடு போனது. கடைசியில் ஒரு சொட்டு ஃபில்லர் வைத்து மூடினான். ஆர்க் அணைந்தது. முகமூடிக்குள் கும்மிருட்டு.

கை இழுக்கப் பார்த்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, மிக மெல்ல. வெளிச்சம் போன பிறகும் டார்ச்சிலிருந்து கேஸ் வந்துகொண்டிருந்தது. சிவந்து கிடந்த இடத்தின் மேல் காற்றுப் படாமல் மூடிக்கொண்டிருந்தது.

கை அங்கேயே நின்றது.

சத்தம் நின்றது. மேலும் கொஞ்சம் இருந்தான். பிறகுதான் முகமூடியைத் தூக்கினான்.

கோடு கடைசிவரை ஒரே நிறம். இளம் வைக்கோலின் பொன் நிறம். குழி இல்லை. டங்ஸ்டன் நுனி புது ஊசி மாதிரி வெள்ளையாக இருந்தது. இடது கை சுத்தியலை எடுத்துவிட்டது. பாதியில் நின்று, எடுத்த இடத்திலேயே வைத்தது.

"டார்ச்சு?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"டார்ச்சுக்கு ஒண்ணுமில்லைங்க."

"ஃபேன் போட்டுக்குங்க. வேர்த்து ஊத்துது."

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கோட்டை நகத்தால் வருடினார். சட்டைப் பையிலிருந்து பஞ்சு எடுத்து, கோட்டின் மேல் முன்னும் பின்னும் தேய்த்தார். முடிகிற இடத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். பஞ்சில் ஓர் இழைகூடச் சிக்கவில்லை.

"இதை நீயா ஒட்டினே?"

"பின்ன, ஈரோட்டுல இருந்து ஆளு வந்தானா?"

மேஸ்திரி சிரித்தார்.

"சனிக்கிழமை வண்டி வரும். ஃபேனை நிறுத்திட்டு ஒட்டு."

"அது எங்களுக்குத் தெரியுங்க."

செங்கோடன் ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிக்கொண்டு பரமத்தி ரோட்டுக்குப் போனான். ஜெயக்கொடி ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று வெளியே நின்றான். ஆர்க் அணைந்த பிறகும் கூப்பிடவில்லை. தொட்டிக்குள் சத்தம் அடங்கும்வரை நின்றான். பிறகு பழத்தை நீட்டினான்.

"சனிக்கிழமை வண்டி வருதுங்க."

"நல்லதுங்ணா."

"ஒண்ணு கேக்கணும் அம்மணி. ஆர்க் அணைஞ்சாலும் கைய எடுக்காதீங்க, கேஸ் நிக்கற மட்டும் இருங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்களே. அதுக்கு எதுக்கு என்னைய பஸ்ஸ்டாண்டுக்கு ரெண்டாந்தரம் அலைய விட்டீங்க?"

ஜெயக்கொடி கையுறையைக் கழற்றினாள். ஒரு பழத்தை அவனுக்குக் கொடுத்தாள். ஒன்றைத் தான் உரித்தாள்.

"மொத நாளே சொன்னனுங்ணா. நீங்க வண்டிய எடுத்துட்டீங்க."