வைரப்பெருமாள் காட்டிய வம்சம்

இன்னும் கொஞ்சம் பக்கத்துல நகர்ந்து உட்காருங்க. இது மெதுவாச் சொன்னாத்தான் ருசிக்கும்.

பூவாத்தாள் ஒரு பள்ளிக்கூடத்து லேப்பில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள். அங்கே தாளாளர் வைரப்பெருமாள். ஒருநாள் உள்ளே வந்தவர், செங்கல் சூளைப் பிள்ளைகள் மைக்ரோஸ்கோப் பார்ப்பதைக் கண்டு குதித்தார்.

"அறிவு வம்சத்துல வரணும்! சூளைப் பிள்ளைகளுக்கு லேப் எதுக்கு? வெளிய அனுப்பு!"

"வம்சத்தைக் கண்ணுக்கே காட்டலாமுங்க அய்யா," என்றாள் பூவாத்தாள்.

"எங்க, மணி அடிக்கிறதுக்குள்ள காட்டு! எந்தப் பிள்ளை வம்சம் என் வம்சத்துக்கு ஈடா இருக்கோ அது உட்காரட்டும். இல்லேன்னா அத்தனை பேரும் வெளிய!"

பூவாத்தாள் அவருக்கும் சூளையில் கல் அறுக்கிறவர் மகள் செம்மலருக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்தாள். இருவரும் வாய் கொப்பளித்து ஆளுக்கொரு குழாயில் துப்பினார்கள். இரண்டிலும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, குளிர்ந்த ஸ்பிரிட்டைப் பதமாக ஊற்றினாள். வெள்ளை வெள்ளையாய் நூல் எழும்பி வந்தது, இடியாப்பச் சிக்கல் மாதிரி.

"அப்பன் பாட்டன் கொடுத்ததெல்லாம் இந்த டி.என்.ஏ. நூல்லதான் இருக்கு. உங்களது எதுங்க அய்யா?"

வைரப்பெருமாள் மீசையைத் தடவி ஒரு குழாயைக் காட்டினார். "இதைக் கேக்கணுமா? கம்பீரமா நிக்குதே, அதுதான்!"

அவள் அந்தக் குழாயைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினாள். செம்மலர்! பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"உங்க வம்சம்னு நீங்களே சொல்லிட்டீங்க," என்று முன்வரிசை ஸ்டூலைத் துடைத்துச் செம்மலரை உட்கார வைத்த பூவாத்தாள், அடுத்த சூளைப் பிள்ளையிடம் உப்புத் தண்ணீரை நீட்டினாள்.