உகோயே இறக்காத கை

ஒரு ஊர்ல ஒரு ஊத்து இருந்துச்சு. நம்ம பக்கம் இல்ல கண்ணு, ஆப்பிரிக்காவுல, இபோ ஜனங்க இருக்கற செம்மண் சீமை. அங்க குடம் முக்கிட்டிருந்த ஒருத்தி இன்னொருத்திகிட்ட, "சாமிக் கோழியையா தின்னா? தொண்டையில எப்படித்தான் இறங்குச்சோ!"ன்னா. பின்னாலயே வந்த உகோயே காதுல அது விழுந்துச்சு. தன்னைத்தான் சொல்றாங்கன்னு புரிஞ்சதும் அவளுக்கு உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சுது. ம் சொல்லு.

அவ புருஷன் செத்துட்டான். மிச்சம் ஒரு கிழங்குக் கொல்லைதான். கொழுந்தன் ஒகோலிக்கு அதுமேல கண்ணு. அந்த ஊர்ல சூரியன்தான் சாமி, பேரு ஆன்யான்வு. அவருக்குக் கட்டிவச்ச வெள்ளைக் கோழியைக் காணோம். "அண்ணிதான் திருடினா. திருடிக்குக் கொல்லை எதுக்கு?"ன்னான் ஒகோலி.

அங்க வழக்கம் என்னன்னா, தப்பு பண்ணாதவங்க காலையில கையைக் கழுவி, சூரியன் பாக்க உள்ளங்கையைத் தூக்கணும். பழி சொன்னவனும் தூக்கணும். பொய்க் கையைச் சாமி விடமாட்டார். ஊர்ப் பெரியவர் மூணு காலை கெடு குடுத்தார்; அதுக்குள்ள சாமி பாக்கலைன்னா கொல்லை ஒகோலிக்கு.

அப்போ பாத்து பாலைவனத்துத் தூசிக்காத்து வந்துருச்சு. உஸ்ஸ்ஸ்... மொத நாள் உகோயே கையைத் தூக்கினா, வானமே சாம்பல். "சாமி பாக்கல, செல்லாது"ன்னான் ஒகோலி, தன் கையைத் தூக்காமலே. அப்புறம் ரெண்டாம் நாளும் உஸ்ஸ்ஸ்... "அண்ணி, சாமிக்கே உன் மூஞ்சி பிடிக்கல!" எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. உகோயே பல்லைக் கடிச்சுக்கிட்டா.

மூணாம் நாளும் தூசி. "காலை முடிஞ்சுது, கொல்லை எனக்கு"ன்னான்.

உகோயே மேல பாத்துக் கத்தினா. "யோவ் ஆன்யான்வு! போனது உன் கோழி, திருடிப் பட்டம் எனக்கா? போர்வைக்குள்ள என்ன படுக்கை? எந்திரி! நீ வர்ற வரைக்கும் இந்தக் கை இறங்காது!"

பெரியவர், "சூரியனே வரல, காலை எப்படி முடியும்? நிக்கட்டும்"னார்.

நின்னா. தோள் விண்விண்ணுன்னு தெறிச்சுது, நின்னா. ம்?

அப்புறம் சர்ர்ருன்னு தூசி கிழிஞ்சு, பளீர்னு வெயில்! "இப்ப நீ தூக்குடா"ன்னா.

"தோள்பட்டை புடிச்சிருக்கு"ன்னான் ஒகோலி.

அவன் பொண்டாட்டியே, "கோழிக்காலை வாய்க்குத் தூக்கறப்ப புடிக்கலையா?"ன்னா.

ஒருத்தரும் சிரிக்கல. உகோயே யாரையும் பாக்கல. மரத்துப்போன கையால மண்வெட்டியை எடுத்தா, நேரா கொல்லைக்குப் போனா, ணங்குன்னு மொத வெட்டு வெட்டினா.

வெயிலும் சாஞ்சுது, கதையும் சாஞ்சுது, நீயும் சாஞ்சுக்கோ.