நாவல்பழத் தீவுக்கு ஒரு நாள் பயணம்

கடலோரமாக இருந்த ஒரு காட்டில் ஒரு நரி வாழ்ந்தது. அதற்கு நண்டு என்றால் உயிர். ஆனால் நண்டு வேண்டுமானால் சேற்றைத் தோண்ட வேண்டும். வேலை செய்வதோ நரிக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

யோசித்து யோசித்து அது ஒரு வழி கண்டுபிடித்தது. முதலில் ஒரு குரங்கைக் கூட்டிப் போய் வந்தது. அடுத்த வாரம் புன்னை மரத்தடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

"பாய்மரக் கப்பலில் ஒரு நாள் உல்லாசப் பயணம். நாவல்பழத் தீவைப் பார்க்கலாம். உட்கார நிழற்பந்தல், மதியம் தேனோடு விருந்து. ஆளுக்கு ஒரு கூடை கிழங்கு கொடுத்தால் போதும்."

மறுநாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தது பெருமை பேசும் கரடி. தீவுக்குப் போகப்போவதை அது காடு முழுக்கத் தமுக்கடித்துவிட்டுத்தான் வந்திருந்தது. அடுத்தது ரோஷக்கார முள்ளம்பன்றி. யாராவது லேசாகச் சிரித்தால்கூட அதன் முட்கள் சிலிர்த்துக்கொள்ளும். மூன்றாவது ஒரு தாய் முயல். வளையில் மூன்று குட்டிகளை விட்டுவிட்டு வந்திருந்தது. அந்தி சாய்ந்தால் அவை பாலுக்குத் தேடும். பால் கிடைக்காவிட்டால் வளையை விட்டு வெளியே வந்துவிடும். வெளியே பாம்பு இருக்கும்.

"அந்திக்குள் கரைக்கு வந்துவிடுவோம்தானே?" என்று முயல் கேட்டது.

"என் வால்மேல் சத்தியம் அம்மா," என்றது நரி.

கப்பலைப் பார்த்தால், மூன்று கட்டைகளைக் கயிற்றால் கட்டிய கட்டுமரம். பாய்க்குப் பதில் கிழிந்த கோரைப்பாய். நிழற்பந்தல் என்று ஒரே ஒரு வாழையிலை இருந்தது. அதன் அடியில் நரி போய்ப் படுத்துக்கொண்டது.

மூன்று பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் ஏமாந்ததை யாரும் காட்டிக்கொள்ளவில்லை. "காற்று நன்றாக இருக்கிறது," என்றது கரடி. "ஆமாம், ஆமாம்," என்றது முள்ளம்பன்றி.

கரையிலிருந்து வீசிய காலைக் காற்று கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனது. உச்சி வெயிலில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு நாவல் மரம்கூட இல்லை. அது வெறும் சேற்றுத் திட்டு. எங்கே பார்த்தாலும் நண்டு வளைகள்.

"விருந்து எங்கே?" என்று கேட்டது முயல்.

"தோண்டினால் வரும்," என்றது நரி. பிடித்த நண்டுகளையெல்லாம் தன் கூடையில் போடச் சொன்னது. இருட்டிய பிறகுதான் பெரிய நண்டுகள் வெளியே வருமாம். அதனால் நிலா வந்த பிறகே கிளம்ப முடியுமாம். அதற்கு முன் காற்று கட்டுமரத்தை நகர்த்தாதாம், காற்று தன் பேச்சை மட்டும்தான் கேட்குமாம்! இப்படி அளந்துவிட்டு நரி, அதுவரை அவர்கள் பிடித்த நண்டுகளோடு திட்டின் மறுகோடிக்குத் தின்னப் போய்விட்டது.

கரடியும் முள்ளம்பன்றியும் தலையைக் குனிந்துகொண்டு தோண்டின. குட்டிகளை நினைத்து முயலுக்கு அழுகை வந்தது.

"போன வாரம் போய் வந்த குரங்கு, பயணம் அருமை என்று சொன்னதே," என்று கரடி முணுமுணுத்தது.

முயல் நிமிர்ந்தது. "குரங்கும் இங்கே சேறுதான் தோண்டியிருக்கும் அண்ணே. வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கும். நான் வெட்கப்பட முடியாது. என் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேன்."

"நானும்தான்," என்றது முள்ளம்பன்றி. அதன் முட்கள் ஏனோ நிமிரவில்லை. கரடி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் தலையாட்டியது.

அதுவரை முகத்தைத் தூக்காமல் தோண்டியதால் அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. காற்று திசை மாறியிருந்தது. அந்தக் கடலோரத்தில் தினமும் பிற்பகலில் நடப்பதுதான். கடலிலிருந்து கரையை நோக்கி அடித்த காற்றில் முயலின் காதுகள் படபடத்தன.

கரடி கட்டுமரத்தை ஒரே தள்ளாகத் தள்ளியது. முள்ளம்பன்றி கயிற்றை இழுத்தது. கோரைப்பாய் உப்பிக்கொண்டு கிளம்பியது. வாயில் நண்டோடு நரி ஓடி வந்தது.

"நில்லுங்கள், இன்னும் பயணம் முடியவில்லை!"

"அந்திக்குள் திரும்புவதாகச் சத்தியம் செய்தீர்களே நரியாரே, அதைத்தான் காப்பாற்றுகிறோம்," என்றது முயல்.

வெயில் தாழும்போது முயல் வளைக்குள் நுழைந்தது. மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பாலுக்கு முட்டின. அப்போதுதான் முயலுக்கு மூச்சே வந்தது.

நரி நீந்திக் கரை சேர்ந்தது. அத்தோடு அடங்கியதா என்றால் இல்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் மரத்தடியில் நின்றது. இந்த முறை பாட்டுக் கச்சேரியும் உண்டாம். மான்களும் பன்றிகளும் கிழங்குக் கூடைகளோடு கூடிவிட்டன.

"நீங்கள் போய் வந்தீர்களே, எப்படி இருந்தது?" என்று ஒரு பன்றி கரடியிடம் கேட்டது.

பெருமை பேசியே பழகிய வாய். ஆனாலும் கரடி உள்ளதைச் சொன்னது.

"நாள் முழுக்கச் சேறு தோண்டினேன். ஒரு பழம்கூடக் கண்ணில் படவில்லை. நன்றாக ஏமாந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும் என்று கரடி நின்றது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நரி அன்று தன் நண்டைத் தானே தோண்டியது.

நீதி: ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைப்பவர், ஏமாற்றுபவருக்கு அடுத்த ஆளைப் பிடித்துக் கொடுக்கிறார்.