உடும்புப்பிடி ஊர்காவலன் வீட்டுக்கு வரன் வந்த கதை

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வாயில் போடுவதற்குள் ஊர்காவலன் கபடி ஆட ஆரம்பித்துவிட்டார். வாயால்தான். காலால் ஆடி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது.

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். இதற்கு முன்னால் வந்த வரன்களும் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் செருப்பைத் தேடின. இந்தப் பையனை மகள் சுபத்ராவுக்கு போட்டோவிலேயே ரொம்பப் பிடித்திருந்தது. "அப்பா வாயை மட்டும் பாத்துக்கோம்மா" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். செண்பகவல்லியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், மூடத்தான் வழி தெரியவில்லை.

"நான் கேட்ச்சர், சம்பந்தி. கபடி பாடி வர்றவன் கணுக்காலைப் பிடிச்சேன்னா பிடிச்சதுதான்."

பையனின் அப்பா வெயிலுமுத்து அதற்குள் சம்பந்தி ஆகிவிட்டார். பெண் இன்னும் அறையை விட்டே வெளியே வரவில்லை.

"சாத்தூர் ஆட்டத்துல ஒருத்தன் காலைப் பிடிச்சேன். ஆட்டம் முடிஞ்சு கப்பும் குடுத்தாச்சு, என் கையி விடமாட்டேங்கு. அவனையும் இழுத்துக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். இவதான் அவனுக்கும் சேத்துச் சோறு போட்டா, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். "காப்பி எடுத்துட்டு வாரேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

பையனின் தாய்மாமன் சங்கிலி லேசில் விடுகிற ஆள் இல்லை. "அவ்வளவு இழுத்தா கால் என்னத்துக்கு ஆகும் அண்ணாச்சி?"

"ஒரு முழம் நீண்டுட்டு. இப்போ பெயிண்டரா இருக்கான். ஏணி செலவு மிச்சம்."

"அடுத்த காலையும் இழுத்து விட்டிருக்கலாம். பாவம், நொண்டுவாருல்லா."

ஊர்காவலன் காதில் இதெல்லாம் விழுமா? விழுந்தாலும் ஏறுமா? "அதுக்கப்புறம் எவனும் என் பக்கம் பாடியே வரல. களத்துல நின்னு நின்னு தூக்கம் வந்துரும். தூங்கிக்கிட்டே பிடிச்ச ஆளே ஒரு ஊருக்கு இருக்கும்."

"கனவுல பிடிச்சதும் அதுல சேத்தியா?"

"கேளுங்க. ஒருநா ஆட்டம் முடிஞ்சு வாரேன், கடைசி பஸ் கிளம்பிட்டு. பின்னால இருந்த ஏணியை ஒத்தக் கையால பிடிச்சேன். சக்கரம் சுத்துது, புழுதி பறக்குது, பஸ் நகரல. டிரைவர் இறங்கி வந்து, 'ஜன்னல் சீட்டே தாரேன், விடுங்க அண்ணாச்சி'ன்னு கும்பிட்டாரு."

சங்கிலிக்குக் காப்பி புரையேறியது. பையன் தரையைப் பார்த்தான். இந்த வரனும் போச்சு என்று செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதுவரை வாயே திறக்காத வெயிலுமுத்து துண்டால் மீசையைத் துடைத்தார். "அந்த பஸ்ஸுல நான் இருந்தேன்."

பஸ்ஸை நிறுத்திய கையை ஊர்காவலன் மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பிடிச்சு பஸ் நிக்கல. நான் இறங்க வேண்டிய இடம் வந்துட்டு, கண்டக்டர் விசில் ஊதல. ஜன்னல் வழியா ஒரு காலை வெளிய நீட்டித் தரையில ஊனிக்கிட்டேன். பின்னால என்னமோ ஒட்டிக்கிட்டு இருந்தாப்ல இருந்துச்சு. ஈயின்னுல்லா நெனச்சேன்."

ஊர்காவலன் வாயைத் திறந்தார். கல்யாணமாகி முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. எழுந்து வந்து வெயிலுமுத்துவைக் கட்டிக்கொண்டார்.

வெயிலுமுத்துவின் மனைவி மெல்ல அடுப்படிப் பக்கம் நகர்ந்து வந்தாள். "மதினி, போட்டோவுல பாத்தப்பவே பொண்ணு எங்களுக்குச் சம்மதம். கல்யாணத்தன்னைக்கு இது ரெண்டையும் ஒரே பந்தியில மட்டும் உக்கார வச்சிராதீக."

"ஒரே மண்டபத்துலயே வேண்டாம் மதினி" என்றாள் செண்பகவல்லி.