கீரி புடிச்ச திருடன்

"ஆமாய்யா, நான் வாயாடிதான்! அதுக்காக என் தம்பி திருடனாயிடுவானா? அந்தக் கீரி தப்பே பண்ணாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? வித்தவன் சொன்னான். சோதிச்சது யாரு? அதுவும் வித்தவன்தான்! ஒரு கத்திரிக்காயக்கூடத் திருப்பிப் பாத்துத்தானேய்யா வாங்குறோம்?"

இப்படிக் கத்துனவ சிட்டம்மா, உப்பு விக்கிறவ. கத்துனது நடு அரசவையில, காவல் தலைவர் வீரமுடையாரப் பாத்து. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி மருங்கூர்னு ஒரு நாடு, அத ஆண்டவன் மகுடவர்மன். புதுசா எது வந்தாலும் பல்லக் காட்டுற ராசா. திருடனை மோப்பம் புடிக்கிற கீரின்னு ஒரு வெளியூர் வியாபாரி கொண்டுவந்தான். வீரமுடையார் மயங்கிட்டாரு, ராசா வாங்கிட்டான். அன்னையிலேருந்து அது எவன் முன்னாடி உக்காருதோ அவன் கை போச்சு. இன்னைக்கு உச்சிவேளைக்கு சிட்டம்மா தம்பி மாரப்பன் கை.

ஆனா ஆளுங்கள வரிசையா நிறுத்துனப்பவே அவ பாத்துட்டா. கீரி மாரப்பனத் தாண்டித்தான் போச்சு. வீரமுடையார் அவன முறைச்சாரு. உடனே கீரியக் கட்டிப் புடிச்சிருந்த கீரிக்காரன் கயித்த இழுத்தான். கீரி உக்காந்துருச்சு.

"ஒரே ஒரு சோதனை வைங்க ராசா"ன்னு கிட்டப் போய் என்னமோ குசுகுசுத்தா. ராசாவுக்கு வேடிக்கைன்னா உசுரு. அஞ்சு உருவத்தப் போர்வை போத்தி நிறுத்தச் சொன்னான். வீரமுடையார் காதுல மட்டும், "என் மோதிரத்தத் திருடுனது மூணாவது ஆளு. மூச்சு விடாதேயும்"னு ஓதினான்.

கீரி வந்துச்சு. மொதல் ஆளத் தாண்டுச்சு, ரெண்டாவதத் தாண்டுச்சு. மூணாவதுகிட்ட ஜம்முனு உக்காந்துச்சு.

போர்வைய உருவுனா, உள்ள வைக்கோல் பொம்மை!

சபையே சிரிச்சுது. "இவனுக்குக் கையே இல்லையே, எத வெட்டுறது?"ன்னு ராசா வயித்தப் புடிச்சுக்கிட்டான். திடீர்னு மொகம் செவந்து, "அந்தக் கீரியக் கொல்லுங்கடா!"ன்னான்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு ராசா? கயித்த இழுத்தா உக்காரும். இழுத்தவனையும் முறைச்சவரையும் கேளுங்க."

மாரப்பன அவுத்து விட்டாங்க. ராசா வீரமுடையாரோட தலைப்பாகையப் புடுங்கிப் போட்டுட்டு, தன் முத்துமாலையக் கழட்டுனான். "கெட்டிக்காரி! இத வாங்கிட்டு வீட்டுக்குப் போ."

சிட்டம்மா அந்த மாலைகிட்டயே போகல. வாசப்பக்கம் திரும்பி, "உள்ள வாங்க"ன்னா. பதினோரு பேரு வந்து நின்னாங்க. ஒருத்தனுக்கும் வலது கை இல்ல.

"இந்தச் சோதனைக்கு அரை நாழிகைகூட ஆகலையே ராசா! வாங்குறதுக்கு முன்னாடி ஏன் வைக்கல? வீரமுடையாரே, தரையப் பாக்காதீங்க. இவங்க மொகத்தப் பாத்து, சபை மொத்தமும் கேக்குற மாதிரி, ஏன் வைக்கலைன்னு வாயத் தெறந்து சொல்லுங்க!"