பன்னிரண்டு குப்பிகள்

திங்களன்று ஆய்வகத்தில் நால்வர் இருந்தோம்: துறைத்தலைவர் ஞானதிரவியம், ஆய்வு மாணவி ரெஜினா, உதவியாளர் பிச்சம்மாள், ஸ்டோர் பார்க்கும் நான்.

"கலவையைப் பிரித்துக் காட்டும் நம் குரோமட்டோகிராஃபி கருவியைச் சரிபார்க்க, ஆன்டிபாடி என்ற புரதம் சுத்தமாக வெள்ளிக்குள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கப் பணம் தரமாட்டேன். கிடைக்காவிட்டால் கருவி அடுத்த துறைக்குப் போகும்," என்றார் தலைவர். கருவி போனால் ரெஜினாவின் மூன்று வருட ஆராய்ச்சி நின்றுவிடும்.

ஆன்டிபாடி மருந்தாகவும் வருவது தெரிந்த பிச்சம்மாள் ஆஸ்பத்திரிகளுக்கு நடந்தார். இரண்டில் கையை விரித்தார்கள். மூன்றாவதில், காலாவதியாக ஒன்பது நாளே இருந்த புற்றுநோய் ஆன்டிபாடி மருந்தைச் சும்மாவே கொடுத்தார்கள். வியாழனன்று ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு குப்பிகளோடு வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி மருந்தா? இதோட சுத்தத்துக்கு யாரும்மா பொறுப்பு?" என்று தலைவர் சிரித்தார்.

"இதை மனுஷங்க ரத்தத்துல ஏத்துறாங்கய்யா. நம்ம மிஷினு மனுஷங்களைவிட ஒசத்தியா?"

தலைவரின் சிரிப்பு நின்றது. ரெஜினா ஒரு குப்பியைத் திறந்து, மருந்தைக் கருவிக்குள் ஆறு முறை செலுத்தினாள். ஆறு முறையும் அதே நிமிடத்தில், கருவி வரைந்த தாளில் ஒரே கூர்முனை எழுந்தது; மருந்தில் கலப்பில்லை, கருவியிலும் பிழையில்லை. தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கருவி இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

திறக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி எண்ணினேன். மீதம் பதினொன்று.